பலெர்மோவில் ஓராண்டு தங்கப் போகிறவருக்கு

கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இது: இத்தாலியின் சிசிலித் தீவுத் தலைநகரான பலெர்மோவுக்கு ஓராண்டு படிக்கப் போகிறார், சைவம் சாப்பிடுபவர். கையேடுகளில் இல்லாத அன்றாட விவரங்கள் வேண்டும், அங்கே தமிழர்கள் இருக்கிறார்களா என்றும் தெரிய வேண்டும்.

இருக்கிறார்கள், கணிசமாகவே. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஊரின் அமைப்பு. பழைய நகரத்தை இரண்டு நேர்த்தெருக்கள் நான்காகப் பிரிக்கின்றன. ஒன்று கடலை நோக்கி இறங்கும் கோர்ஸோ வித்தோரியோ எமானுவேலே. ஊர்க்காரர்கள் இதைக் கஸ்ஸாரோ என்பார்கள். மற்றது அதைக் குறுக்கே வெட்டும் வியா மக்வேதா. இரண்டும் சந்திக்கும் குவாத்ரோ காந்தியில் கடலைப் பார்த்து நில்லுங்கள். முன்னால் வலப்பக்கம் கால்ஸா, இடப்பக்கம் வுச்சிரியா. முதுகுக்குப் பின்னால் வலப்பக்கம் பல்லாரோ சந்தை, இடப்பக்கம் காப்போ சந்தை. இவ்வளவு மனதில் இருந்தால் சந்துகளில் தொலைந்தாலும் திரும்பி வந்துவிடலாம்.

இடத்தைவிட நேரத்தையும் தேதியையும்தான் இந்த ஊரில் முக்கியமாகப் பழகிக்கொள்ள வேண்டும். சிறு கடைகள் மதியம் 1 மணிக்கு மூடி 4 மணிக்குத்தான் திறக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு 7 மணிக்கு உணவகத்துக்குப் போனால் பணியாளர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். 8 மணிக்கு மேல் போங்கள். திங்கட்கிழமை மீன் வாங்குவதை ஊர்க்காரர்களே தவிர்ப்பார்கள், ஞாயிறன்று படகுகள் போயிருக்காது. ஞாயிறு சந்தை மதியத்தோடு முடிந்துவிடும். காபிக் கடைகள் பலவற்றில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, ரசீதைக் காபி போடுபவரிடம் காட்டி, நின்றபடியே குடிக்க வேண்டும். உட்கார்ந்தால் விலை ஏறும்.

தினசரிக் காய்கறிக்குப் பல்லாரோ. வியாபாரிகள் கூவுவது அங்கே ஒரு கலை. முகத்துக்கு நேரே வந்து கத்தினால் சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், கத்தரிக்காய் விற்கிறார்கள். பழத்தைக் கையால் எடுத்து அமுக்கிப் பார்க்கக் கூடாது. கடைக்காரர்தான் எடுத்துப் போடுவார். எத்தனை என்று சொல்லாமல் எடையைச் சொல்லிக் கேளுங்கள்: கிலோ, அரைக் கிலோ, அதற்குக் கீழே ‘எத்தோ’, அதாவது 100 கிராம். விலை அட்டையில் பெரிதாக எழுதியிருப்பதால் பேரத்துக்கு இடம் குறைவு. கடை மூடும் நேரத்தில் மட்டும் மிச்சத்தைச் சேர்த்து மலிவாகத் தள்ளிவிடுவார்கள். ஒரு குழப்பத்துக்கு மட்டும் தயாராக இருங்கள்: பலெர்மோவில் ‘ப்ரோக்கொலி’ என்று கேட்டால் பச்சைக் காலிஃபிளவர் கிடைக்கும். நாம் ப்ரோக்கொலி என்பது அங்கே ‘ஸ்பராச்செல்லி’.

கோடையில் அந்தச் சந்தையில் ஒரு பழக்கமான முகத்தைப் பார்ப்பீர்கள்: முழ நீளத்துக்கு மேல் வெளிர்பச்சையாகத் தொங்கும் ‘குகுட்ஸா’. நம்முடைய சுரைக்காயேதான், அதே இனம். ஆனால் காயைவிட அதன் கொடியின் கொழுந்துக்குத்தான் அங்கே மவுசு. ‘தெனெரூமி’ என்ற பெயரில் கட்டுக் கட்டாக விற்கும். இலை, தளிர், சுருள்கம்பி எல்லாம் அதில் இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, நாரான தண்டை ஒதுக்கி, இளந்தண்டையும் இலையையும் நறுக்கி, உப்பிட்ட கொதிநீரில் வேக வைப்பார்கள். தனியாக ஒரு வாணலியில் ஆலிவ் எண்ணெய், பூண்டு, தோலுரித்த தக்காளி. கீரை வெந்ததும் அதே தண்ணீரில் ஸ்பகெட்டியைச் சிறு துண்டுகளாக ஒடித்துப் போட்டு, வெந்ததும் தக்காளியைக் கலந்தால் குழம்புக்கும் கஞ்சிக்கும் நடுவிலான ஒன்று வரும். 35 டிகிரி வெயிலில் அதை வெதுவெதுப்பாகச் சாப்பிடுகிறார்கள். கீரைத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் பாஸ்தா வேக வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு; சாரமே அந்தத் தண்ணீரில் இருக்கிறது. சைவக்காரருக்கு பலெர்மோவில் இதைவிட நல்ல சாப்பாடு இல்லை என்பது என் கணிப்பு. உணவகப் பட்டியலில் எப்போதும் இருக்காது. சந்தையில் கட்டு வாங்கி வீட்டில் செய்துகொள்ளுங்கள்.

தெருவில் பசித்தால் பானெல்லே. கடலை மாவில் செய்யும் மெல்லிய வில்லைகள். எள் தூவிய ரொட்டியில் நான்கைந்தை அடுக்கி, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். வீட்டிலும் செய்யலாம்: 500 கிராம் கொண்டைக்கடலை மாவு, ஒன்றரை லிட்டர் தண்ணீர், 10 கிராம் அளவு உப்பு, பொடியாக நறுக்கிய பார்ஸ்லி ஒரு கைப்பிடி. மாவைப் பச்சைத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்; வெந்நீரில் கொட்டினால் கட்டி தட்டும், பிறகு எதுவும் உதவாது. கரைத்ததை வடிகட்டி, மிதமான தீயில் வைத்து, கை நிறுத்தாமல் கிளற வேண்டும். 20 நிமிடம் தாண்டியதும் பாத்திரத்தின் ஓரத்தை விட்டு உருண்டு வரும். அப்போது பார்ஸ்லியைச் சேர்த்து, சூடு ஆறுமுன் தட்டுகளில் 3 முதல் 5 மில்லிமீட்டர் கனத்தில் பரப்பிவிட வேண்டும். ஆறினால் பரப்ப வராது. நன்றாக ஆறிய பிறகு வெட்டி, 175 டிகிரிச் சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் பொரித்தால் போதும். எண்ணெயில் உடைந்து போனால் மாவு போதிய நேரம் வேகவில்லை. நடுவில் கூழாக இருந்தால் கனம் அதிகம். நம்மூர்க் கடலை மாவிலும் வரும், ஆனால் அது தோல் நீக்கிய கடலைப் பருப்பில் அரைத்தது. தண்ணீர் பிடிக்கும் அளவு வேறுபடும் என்பதால் முதல் தடவை சிறிய அளவில் செய்து தண்ணீரைத் திருத்திக்கொள்வது நல்லது.

பானெல்லே கடையிலேயே ‘கட்ஸில்லி’ என்ற உருளைக்கிழங்கு உருட்டும், ‘ரஸ்கத்தூரா’ என்ற ஒன்றும் கிடைக்கும். இரண்டாவது, பானெல்லே, கிழங்கு மாவின் வழித்த மிச்சங்களைச் சேர்த்துப் பொரித்தது. ஏழைச் சாப்பாடாகத் தொடங்கியது, இப்போது தேடிப் போய்த் தின்கிறார்கள்.

சைவக்காரர் ஏமாறும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். ‘அரஞ்சீனா’ என்ற சோற்று உருண்டையில் வெண்ணெய் வகை சைவம் போலத் தோன்றும், உள்ளே பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். கீரை வைத்ததைக் கேட்டு வாங்குங்கள். தடித்த, பஞ்சு போன்ற ‘ஸ்ஃபின்சோனே’ ரொட்டியின் மேல் தக்காளி, வெங்காயத்தோடு நெத்திலி கலந்திருக்கும். அதைப் பொறுக்கி எடுக்க முடியாது. காலிஃபிளவர் பாஸ்தாவிலும் நெத்திலி கரைந்திருக்கும். ‘கன்னோலி’ என்ற குழல் இனிப்பின் மொறுமொறுப்பான கூட்டைப் பழைய முறையில் பன்றிக் கொழுப்பும் ஒயினும் சேர்த்துப் பிசைவார்கள். கத்தரிக்காய், செலரி, ஆலிவ், கேப்பர், காடி, சர்க்கரை சேர்ந்த கப்பொனாத்தா மட்டும் நம்பகமான துணை. அது செய்த மறுநாள்தான் ருசி. கன்னோலி சாப்பிடுவதாக இருந்தால், கேட்ட பிறகு ரிக்கொத்தா என்ற மென்பாலாடைக்கட்டியை நிரப்பித் தரும் கடையில் வாங்குங்கள். முன்பே நிரப்பி அடுக்கியது ஒரு மணி நேரத்தில் நமத்துவிடும். மாட்டின் மண்ணீரலை வேக வைத்துக் கொழுப்பில் வதக்கி ரொட்டியில் வைக்கும் ‘பானி கா மேவுஸா’ ஊரின் பெருமை. அதை எலுமிச்சையோடு மட்டும் தந்தால் ‘கன்னி’, பாலாடைக்கட்டி சேர்த்தால் ‘மணமானவள்’ என்பார்கள். உங்களுக்குத் தேவைப்படாது, பேச்சு காதில் விழும்போது விளங்கினால் போதும்.

ஸ்ஃபின்சோனே விற்பவர் மூன்று சக்கர ஆப்பே வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருவார். அதில் ஓடும் பழைய கூவலில் ‘எண்ணெய் குறைவு, தூசி நிறைய’ என்று தன் சரக்கைத் தானே கிண்டல் செய்யும் வரி ஒன்று உண்டு. அந்த ஆப்பேயும் நம் தெருக்களில் ஓடும் பியாஜியோ ஆட்டோவும் ஒரே குடும்பம். சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் ஆப்பேக்களில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசி முடித்துவிடுங்கள். இந்த ஒழுக்கம் தமிழருக்குப் புதிதில்லை.

வீடு பார்க்கும்போது கேட்க வேண்டியவை வேறு. மாடிகளிலும் பால்கனிகளிலும் நீலத் தொட்டிகளைக் காண்பீர்கள். பலெர்மோவுக்குத் தண்ணீர் முறை வைத்து விடும் வரலாறு நீண்டது. 2024 வறட்சியில் அக்டோபரிலிருந்து மறுபடியும் பகுதிவாரியாக முறை வந்தது. ஆகவே வாடகைக்கு முன் மூன்று கேள்விகள்: தனித் தொட்டியா கட்டிடத்துக்குப் பொதுவா, எத்தனை லிட்டர், மேலே ஏற்றும் மோட்டார் யார் பொறுப்பு. 500 லிட்டர் தொட்டியை மூன்று பேர் பகிர்ந்தால் முறை தள்ளிப்போகும் நாளில் காய்ந்துவிடும். மின்சாரம் போனால் மோட்டாரும் நிற்கும், குழாயில் தண்ணீர் வராததற்குப் பல சமயம் அதுதான் காரணம்.

மின்சாரத்திலும் ஒரு கண்ணி. இத்தாலிய வீட்டு இணைப்பு வழக்கமாக 3 கிலோவாட். துணி துவைக்கும் இயந்திரம், வெந்நீர்க் கொதிகலன், இண்டக்ஷன் அடுப்பு மூன்றையும் ஒன்றாகப் போட்டால் இணைப்பு விழுந்துவிடும். மீட்டர் வீட்டுக்குள் இல்லாமல் கீழே நுழைவாயிலில் இருந்தால் இருட்டில் படியிறங்க வேண்டும். எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்துவையுங்கள். குளிர்காலத்தை லேசாக நினைக்காதீர்கள். வெளியே 12 டிகிரிதான், ஆனால் பழைய வீடுகளில் பொது வெப்பமூட்டி கிடையாது, தரை ஓடு, சுவர் ஈரம். வெளியில் இருப்பதைவிட உள்ளே குளிரும். சூடும் தரும் ஏசி இருக்கிறதா என்று கேளுங்கள். கோடையில் சகாராவிலிருந்து ஷிரோக்கோ காற்று வீசும் நாட்களில் 40 டிகிரி தாண்டும். அந்நாட்களில் பகலில் சன்னலை மூடி வைத்து இரவில் திறப்பார்கள். பழைய பிரபுக்கள் இதற்கென்றே பாறைக்குள் அறை குடைந்து, அரபுக் காலத்திலிருந்து வந்த நிலத்தடிக் கால்வாய்களின் நீரை உள்ளே ஓடவிட்டார்கள். அந்தக் கால்வாய்களில் ஒன்றிரண்டுக்குள் வழிகாட்டியோடு இறங்கிப் பார்க்கலாம்.

பால்கனிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் குளிர்காலத்தில் ஒரு விசித்திரம் தென்படும்: இலையுதிர்ந்த மொட்டைக் கிளைகளின் நுனியில் முட்டை ஓடுகள். செடி வேறொன்றுமில்லை, நம் கோயில்களில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூக்கும் ஈழத்தலரி. அங்கே ‘பொமேலியா’ என்று பெயர், பலெர்மோவின் அடையாளப் பூவாகவே ஆகிவிட்டது. நுனி மொட்டு குளிர்மழையில் நனைந்தால் அழுகும், அடுத்த கோடையில் பூ வராது. கழுவிய பாதி ஓட்டைக் கவிழ்த்து வைத்தால் மழையும் பனியும் படாது; வெயில் ஏறியதும் எடுத்துவிடுவார்கள். நீங்களும் ஒரு கிளை வாங்கினால், வெட்டுவாய் காய இரண்டு வாரம் நிழலில் போட்டுவைத்துப் பிறகு நடுங்கள். வெட்டுவாயில் வடியும் பால் காயாமல் நட்டால் அடி அழுகிவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை தண்ணீரும் வேண்டாம்.

இனித் தேதிகள். நவம்பர் 2 இறந்தோர் நாள். அதற்கு முந்தைய இரவில் குடும்பத்தின் முன்னோர் வந்து குழந்தைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவதாக நம்பிக்கை. சர்க்கரைப் பொம்மைகளும், பாதாம் மாவில் பழ வடிவில் செய்து சாயம் பூசிய ‘ஃப்ருத்தா மர்த்தொரானா’வும் கடைகளில் குவியும். அந்த இரவில் வீட்டில் தேங்காய்த்துருவி போன்ற சீவல் கருவியை ஒளித்துவைப்பார்கள்: குறும்பு செய்த பிள்ளையின் காலை இறந்தவர்கள் அதால் தேய்ப்பார்களாம். டிசம்பர் 13 சாந்தா லூச்சியா நாளில் ரொட்டியும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். 1646 பஞ்சத்தில் தானியக் கப்பல் வந்து சேர, அரைக்கப் பொறுமையில்லாமல் கோதுமையை முழுசாக வேகவைத்துத் தின்றதன் நினைவு என்பது மரபு. அதனால் அரஞ்சீனாவும், ஊறவைத்த கோதுமையை வேகவைத்து இனிப்பு ரிக்கொத்தா கலந்த ‘குச்சீயா’வும். அன்று மதியம் அரஞ்சீனாக் கடைகளில் நீண்ட வரிசை இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். ஆகஸ்ட் 15 ஒட்டிய வாரம் பாதி ஊர் கடற்கரையில் இருக்கும். வீட்டுரிமையாளர், குழாய் ரிப்பேர்க்காரர், அலுவலகம் யாரும் அகப்படமாட்டார்கள். வேலையிருந்தால் ஜூலையில் முடித்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஊரின் காவல் புனிதரான சாந்தா ரொசாலியா. 1624இல் கொள்ளைநோய் ஊரைத் தின்றுகொண்டிருந்தபோது, மொந்தெ பெல்லெக்ரீனோ மலைக் குகையில் இந்தத் துறவிப் பெண்ணின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஊர்வலமாக எடுத்துச் சென்றபின் நோய் தணிந்தது என்பது நம்பிக்கை. ஜூலை 14 இரவு பெரிய தேர் கஸ்ஸாரோ வழியே கடலை நோக்கிப் போகும். குவாத்ரோ காந்தியில் மேயர் தேரில் ஏறி, பூ வைத்து, ‘வாழ்க பலெர்மோ, வாழ்க சாந்தா ரொசாலியா’ என்று முழங்குவார். நள்ளிரவுக்கு மேல் கடற்கரையில் வாணவேடிக்கை. தர்பூசணி, அவித்த சோளம், வறுத்த கடலை, பூண்டிட்ட சிறு நத்தைகள் எல்லாம் தெருவெங்கும். பழைய நகரத்துக்குள் வண்டி எதுவும் வராது என்பதால் நடந்து திரும்பும் தூரத்தில் இருந்துகொள்ளுங்கள்.

தமிழர் கதை இங்கேதான் இணைகிறது. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களில் ஒரு பகுதியினர் பலெர்மோவில் தங்கிவிட்டார்கள். பெரும்பாலோர் வீட்டு வேலை, முதியோர் பராமரிப்பு, உணவகச் சமையலறை என்று தொடங்கியவர்கள். இப்போது அங்கேயே பிறந்து வளர்ந்த தலைமுறை பலெர்மோ வட்டார வழக்கில் பேசுகிறது. இவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலைக்குப் போகிறார்கள். கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவ சமயத்தவரும். குன்றின் மேல் குகை, உள்ளே பாறையிலிருந்து சொட்டும் நீர், நேர்த்திக்கடன்: இலங்கையின் மடுத் தேவாலயத்து மாதாவிடம் போய் வேண்டிக்கொள்ளும் வழக்கமுள்ள ஈழத்துச் சைவருக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை. உள்ளூர் சிசிலியர்களும் அவர்களை வேற்றாளாகப் பார்ப்பதில்லை. பல ஞாயிறுகளில் பக்தர்களில் தமிழ் முகங்களே கூடுதலாகத் தெரியும்.

நீங்கள் ஏறுவதானால் பழைய கல்பாதை ஏறத்தாழ 4 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலங்காலமாய் மிதிபட்டு வழுவழுப்பான கற்கள், பிடிமானமுள்ள செருப்பு அவசியம், இறங்கும்போதுதான் வழுக்கும். செப்டம்பர் 3 இரவு முழுக்க ஊர் ஏறும், சிலர் வெறுங்காலோடு. நடக்க முடியாதவர்களுக்கு நகரப் பேருந்து உண்டு. குகைக் கூரையில் வளைந்து வளைந்து ஓடும் உலோகத் தகடுகளை அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். சொட்டும் நீர் தலையில் விழாமல் பிடித்து வடிக்கும் வாய்க்கால்கள் அவை. மிளகாய், கறிவேப்பிலை, அரிசி மாவு போன்றவற்றுக்குப் பல்லாரோ பக்கத்து வங்கதேச, இலங்கைக் கடைகளைத் தேடுங்கள்.

பேருந்துச் சீட்டை ‘டி’ பலகை மாட்டிய புகையிலைக் கடையில் முன்கூட்டியே வாங்கி, ஏறியதும் இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். முத்திரையில்லாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம். காரெடுத்தால் பழைய நகரத்தின் வாகனக் கட்டுப்பாட்டு வளையத்தில் நுழையாதீர்கள். கேமரா எண்ணைப் பிடிக்கும், அபராதம் மாதங்கள் கழித்து வாடகை நிறுவனத்தின் கட்டணத்தோடு சேர்ந்து வரும். வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ ஒருவர் கைகாட்டி உதவிவிட்டு ஒரு யூரோ கேட்பார். சட்டப்படி அவருக்கு எந்த உரிமையும் இல்லை.

கடை வாசல்களில் ‘அத்தியோபிட்ஸோ’ என்ற ஒட்டி இருந்தால், மாஃபியாவுக்கு மாமூல் கட்ட மறுத்த கடை என்று பொருள். 2004இல் இளைஞர்கள் தொடங்கிய இயக்கம் அது. மாமூலை வெளிப்படையாக மறுத்த தொழிலதிபர் லிபெரோ கிராஸ்ஸி 1991இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர். விமான நிலையத்துக்கே 1992இல் கொல்லப்பட்ட நீதிபதிகள் ஃபல்கோனே, பொர்செல்லீனோ பெயர்தான். சினிமா பார்த்த பழக்கத்தில் அங்கே மாஃபியா நகைச்சுவை சொல்லாதீர்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

மொழியில் ஒரே ஒரு எச்சரிக்கை. சிசிலியர் ‘இல்லை’ என்பதற்கு வாய் திறக்கவே தேவையில்லை. மோவாயைச் சற்று மேலே தூக்கி, நாக்கை ஒரு முறை ‘ச்ட்’ என்று சொடுக்குவார்கள். ரொட்டி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அதைத் தலையசைப்பாக எடுத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், ரொட்டி தீர்ந்துவிட்டது. எதிர்ப்பக்கமும் அதே சிக்கல்: நாம் சம்மதத்துக்குப் பக்கவாட்டில் ஆட்டும் தலை அவர்களுக்கு மறுப்பாகத் தெரியும். கடைக்காரர் பையில் போட்டதைத் திரும்ப எடுத்துவைத்தால் காரணம் அதுதான். ‘சீ’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இத்தாலிய மொழியில் அதற்கு ‘ஆம்’ என்று பொருள், தமிழ்க் காதுக்குத்தான் முதல் வாரம் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.